வினாவும் விலையும்

நுழையும்முன்

வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமரும் இடத்தில், அழுத்தமாகப் பேசுபவரே வெல்வார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கேட்கத் தெரிந்தவர் அங்கே ஈட்டுவதும் குறைவன்று. வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துப் பார்த்த மரபு தமிழுக்கு உண்டு. அந்தப் பகுப்பு இன்றைய வணிகப் பேச்சுவார்த்தையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பயறு விற்கும் கடை

தமிழ் இலக்கண உரைகளுக்குள் ஒரு கடை இருக்கிறது. அங்கே ஒருவர் பயறு இருக்கிறதா என்று வணிகரைக் கேட்கிறார். கடையில் பயறு இல்லை. வணிகர் வெறுமனே ‘இல்லை’ என்று சொல்லிவிடுவதில்லை. உளுந்துதான் இருக்கிறது என்கிறார். கேட்ட பொருள் இல்லாதபோது, இருக்கும் பொருளைச் சொல்லி மறுக்கும் மரபைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதியாகவே கூறுகிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, இந்தப் பயற்றுக் கடை. வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்க வழி உண்டா என்பதுதானே வணிகரின் கவலை! அந்தக் கவலையை இலக்கணம் அறிந்திருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் அறிந்ததையே பிறர் அறிவாரா என்று காணக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று துணியக் கேட்பது ஐய வினா. ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது கொளல் வினா; கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ஒரு செயலைச் செய்யத் தூண்டுவதற்காகக் கேட்பது ஏவல் வினா. கடைக்காரரிடம் பொருள் உண்டா எனக் கேட்பது கொளல் வினாவுக்கு இன்றும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு.

இந்தப் பகுப்பில் ஒரு நுட்பம் உள்ளது. ஆறு வகையும் வினாவின் சொல் வடிவத்தால் பிரிக்கப்பட்டவை அல்ல. கேட்பவரின் நோக்கமே பகுப்புக்கு அடிப்படை. ‘நூல் என்ன விலை?’ என்ற ஒரே தொடர், விலை தெரியாதவர் வாயில் அறியா வினா. வாங்க வந்தவர் வாயில் கொளல் வினா. காலையிலேயே சந்தை விலையைத் தெரிந்துகொண்டு, எதிரில் இருப்பவர் மெய் சொல்கிறாரா என்று பார்ப்பவர் வாயில் அறிவினா. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு வினா வந்து விழும்போது, அது எந்த நோக்கத்தோடு வருகிறது என்று உணர்வதே முதல் வேலை.

ஓர் ஆர்டரும் எட்டு ரூபாயும்

திருப்பூரில் முப்பது தையல்காரர்களுடன் இயங்கும் சிறு பின்னலாடை நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். வட இந்தியச் சில்லறைக் கடைகளுக்காகக் கொள்முதல் செய்யும் முகவர் ஒருவர் அங்கே வருகிறார். குழந்தைகளுக்கான டி-சர்ட் 20,000 தேவை; 45 நாளில் முழுவதும் அனுப்பப்பட வேண்டும். உரிமையாளர் ஒரு பீசுக்கு 142 ரூபாய் கேட்கிறார். முகவர், ‘134 என்றால் இன்றே ஆர்டர்’ என்கிறார்.

உரிமையாளரின் கணக்கு இது. ஒரு சட்டைக்கு 150 கிராம் துணி. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேர்ந்து கிலோ 420 ரூபாய் வீதம் துணிக்கு 63 ரூபாய். வெட்டு, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு 70 ரூபாய். எஞ்சுவது 9 ரூபாய். இருபதாயிரம் பீசுக்கு 1,80,000 ரூபாய் ஆதாயம். முகவர் கேட்கும் எட்டு ரூபாயைக் குறைத்தால் 1,60,000 ரூபாய் போய்விடும், மிஞ்சுவது 20,000. ஒரு லாட் துணியில் சாயம் சற்றுப் பிசகினால் அதுவும் நட்டமாகும். ஆர்டரை மறுத்தாலோ முப்பது பேருக்கும் அடுத்த மாதம் வேலை இல்லை.

இத்தகைய இடத்தில் பெரும்பாலான பேச்சு ஒரே தடத்தில் ஓடும். ஒருவர் 142 என்பார். மற்றவர் 134 என்பார். 140, 135, 139, 136 என்று இருபுறமும் இறங்கி ஏறி 137 அல்லது 138இல் நிற்கும். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதற்கு இது போதும். இங்கே அது போதாது. ஏனெனில் 137இல் முடிந்தாலும் உரிமையாளர் ஆதாயத்தில் பாதிக்கு மேல் இழந்திருப்பார். முகவரோ தாம் நினைத்த விலையைப் பெறாதவராகவே எழுந்து செல்வார். அந்த எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று இருவரில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் நிற்கும் எழுத்து, ஈற்றில் நிற்கும் எழுத்து

தமிழில் வினா எழுத்துகள் ஐந்து. எ, யா ஆகியவை சொல்லின் முதலில் நின்று வினாவை உணர்த்தும். ஆ, ஓ ஆகியவை ஈற்றில் நிற்கும். ஏ இரண்டு இடத்திலும் வரும். ஆறாம் வகுப்பிலேயே கற்கும் இந்தச் செய்தி, பேச்சுவார்த்தைக் கலையில் திறந்த வினா என்றும் மூடிய வினா என்றும் கூறப்படும் பாகுபாட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

ஆகார ஈற்று வினா எதிராளியை இரண்டு வாயில்களுக்கு முன் நிறுத்துகிறது. ‘140க்கு முடித்துக்கொள்ளலாமா?’ என்றால் விடை ஆம் அல்லது இல்லை. ‘ஆம்’ என வந்தால் நன்று. ‘இல்லை’ என வந்தால் கேட்டவர் அறிந்தது ஒன்றே ஒன்று: 140 ஏற்கப்படவில்லை. எதனால் ஏற்கப்படவில்லை, எது மாறினால் ஏற்கப்படும் என்பவை இருட்டிலேயே இருக்கும். எகர முதல் வினா அவ்வாறன்று. ‘எந்தக் கணக்கில் 134 வருகிறது?’ என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடையளிக்க இயலாது. எதிராளி தம் கணக்கில் ஒரு பகுதியையாவது எடுத்து வைத்தாக வேண்டும்.

இதனால் மூடிய வினா தாழ்ந்தது என்று கொள்ளுதல் தவறு. அதற்குரிய காலம் வேறு. பேச்சின் தொடக்கத்தில் திறந்த வினாவால் செய்தியைத் திரட்டியபின், முடிவை உறுதிசெய்ய மூடிய வினாவே வேண்டும். ‘அளவு, நிறம், அனுப்பும் நாள் மூன்றும் இப்படியே இருக்கட்டுமா?’ என்று கேட்டு ஆம் பெறாமல் எழுந்தவர்கள், பின்னர் எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்று தொலைபேசியில் வழக்காடுவதுண்டு.

இரண்டுக்கும் நடுவே நிற்பது ஐய வினா. ‘கோம்டு நூலா, கார்டட் நூலா?’ என்று தெரிவுகளைக் காட்டிக் கேட்பது அது. விரைவாக விடை கிடைக்கும். கேட்பவர் தொழில் அறிந்தவர் என்பதும் தெரியும். ஆனால், சொல்லப்படாத மூன்றாவது வழியை அது மறைத்துவிடக்கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட செமி கோம்டு நூல் போதும் என்ற எண்ணம் முகவர் மனத்தில் இருந்திருக்கலாம். கேட்ட வினாவில் அதற்கு இடம் இல்லை.

திறந்த வினாக்களுள்ளும் ஒன்றை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ‘ஏன்’ என்ற சொல் காரணத்தையும் கேட்கும், குற்றத்தையும் சாட்டும். ‘ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்கிறீர்கள்?’ என்றால், எதிராளி விளக்கம் தருவதற்கு முன் தற்காப்புக்குத் தயாராகிவிடுவார். அதே செய்தியை, ‘இந்த விலையை முடிவு செய்யும்போது எதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள், சார்?’ என்று கேட்டால், அவர் தம் தாளைப் புரட்டத் தொடங்குவார்.

கோரிக்கைக்குப் பின்னால்

வணிக நிருவாகச் சிந்தனையில் இன்றும் பேசப்படும் அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் ஃபாலட் (1868–1933). அவர் 1925இல் ஆற்றிய உரை ஒன்றில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் சிறு அறை ஒன்றில் அவரும் இன்னொருவரும் படித்துக்கொண்டிருந்தனர். மற்றவர் சன்னலைத் திறக்க விரும்பினார். ஃபாலட்டுக்கு அது மூடியிருக்க வேண்டும். அரைவாசி திறப்பதே நடுவழி என்று தோன்றும். அவர்கள் அதைச் செய்யவில்லை. ஆள் இல்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்கு வேண்டியது காற்று. ஃபாலட்டுக்கு வேண்டியது வடகாற்று தம்மீது நேராக வீசாதிருத்தல். சன்னல் என்பது கோரிக்கை. காற்று என்பது தேவை. கோரிக்கைகள் மோதிக்கொண்ட இடத்தில் தேவைகள் மோதவில்லை.

1981இல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேச்சுவார்த்தை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், இந்தக் கருத்தையே தன் மையமாகக் கொண்டது. சன்னல் நிகழ்ச்சியும் அதில் இடம்பெற்றது. இருப்பினும், தேவையைக் காண வேண்டும் என்று சொல்வது எளிது. எதிராளி தம் தேவையைத் தாமாகவே எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் தம் பிடி தளரும் என்று அஞ்சுவார். பல நேரங்களில் அவருக்கே அது தெளிவாகத் தெரிந்திருக்காது. அதை வெளிக்கொணரும் கருவி அடுத்தடுத்து எழும் வினாக்களே.

திருப்பூர் உரிமையாளர் தம் விலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்குகிறார். ‘134 எந்தக் கணக்கில் வருகிறது?’ கடையில் விற்கும் விலை முன்பே அச்சிடப்பட்டுவிட்டது, அதற்குமேல் போக முடியாது என்கிறார் முகவர். ‘இந்தச் சட்டைகள் எந்தப் பருவத்தில் விற்பனைக்கு வரும்?’ கோடைக்காலத்தில். ‘துணி சதுர மீட்டருக்கு 180 கிராம் என்று குறித்திருக்கிறீர்கள். அந்த அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது?’ முகவர் சற்று நிறுத்துகிறார். போன குளிர்காலத்து ஆர்டரின் தாளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது.

மூன்றாவது வினாதான் கதவைத் திறந்தது. முதல் இரண்டும் இல்லாமல் அது பிறந்திருக்காது. குழந்தைகளின் கோடைக்காலச் சட்டைக்கு 160 கிராம் துணி போதும், உடலுக்கும் இதம். துணி ஒன்பதில் ஒரு பங்கு குறையும். 150 கிராம் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 133 கிராம். 63 ரூபாய் 56 ஆகும். எவருடைய ஆதாயத்தையும் தொடாமல் ஏழு ரூபாய் கிடைத்துவிட்டது.

அடுக்கி வரும் வினாக்கள்

நீல் ராக்கம் என்னும் பிரித்தானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தொழிற்சங்கப் பேச்சாளர்கள், ஒப்பந்த மேலாளர்கள் முதலிய 48 திறமைமிக்க பேச்சுவார்த்தையாளர்களை, 102 பேச்சுவார்த்தைகளில் உடனிருந்து கவனித்தனர். அவர்கள் பேசியவற்றை வகை பிரித்து எண்ணினர். திறமைமிக்கோரின் பேச்சில் செய்தி கேட்கும் கூற்றுகள் 21.3 விழுக்காடு. இயல்பான திறன் உடையோரிடம் அது 9.6 விழுக்காடு மட்டுமே. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சரிபார்ப்பதிலும், பேசியதைத் தொகுத்துக் கூறுவதிலும் முன்னவர்கள் ஏறத்தாழ இருமடங்கு ஈடுபட்டிருந்தனர்.

வினாக்கள் மிகுந்ததற்கு வேறொரு பயனும் உண்டு. நேராக மறுப்பதைவிட வினாவால் மறுப்பது மென்மையானது. ‘முடியாது’ என்ற இடத்தில், ‘இரவு ஷிஃப்ட் போடாமல் 45 நாளில் 20,000 பீஸ் எப்படி முடியும் என்று நினைக்கிறீர்கள்?’ எனக் கேட்கலாம். எதிராளியைச் சிந்திக்க வைக்கவும், தாம் சிந்திக்கச் சற்று நேரம் பெறவும் அது உதவும். இதில் ஏவல் வினாவின் சாயலும் இருக்கிறது: கேட்பது போலக் கேட்டு, காலக்கெடுவை மாற்றுங்கள் என்கிறது.

ராக்கம் பின்னர் ஏறத்தாழ 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து, 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரிய விற்பனைகளில் வெற்றிபெற்றவர்கள் நால்வகை வினாக்களைப் பயன்படுத்தியதை அதில் காட்டினார். நிலைமையை அறியும் வினா. இடர்ப்பாட்டை அறியும் வினா. அந்த இடர்ப்பாட்டின் விளைவை உணர்த்தும் வினா. தீர்வின் பயனை வாங்குவோரே சொல்லும்படி செய்யும் வினா. முதல் வகையை அளவோடு கேட்க வேண்டும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. எத்தனை கடைகள், எத்தனை ஊழியர்கள், எந்த ஊர் என்று பத்து வினாக்களை அடுக்கினால் வாங்குவோர் சலிப்படைவார். முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடியதை மேசையில் கேட்பது எதிராளியின் பொழுதை வீணாக்குவதாகும்.

மூன்றாம் வகை வினாவே கடினமானது. வலிமையும் அதற்கே மிகுதி. ‘முழுச் சரக்கும் ஒரே நாளில் வந்தால் எங்கே வைப்பீர்கள்?’ என்று திருப்பூர் உரிமையாளர் கேட்கிறார். கிடங்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். ‘எத்தனை நாளைக்கு?’ நான்கு நிறங்களுள் இரண்டு மட்டுமே முதலில் கடைக்குப் போகும். மற்ற இரண்டும் ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருக்கும். அந்த வாடகை விலைத் தாளில் எங்கும் இல்லை. ஆயினும் அது முகவரின் செலவே. அவருக்குத் தெரியாத செய்தி எதையும் உரிமையாளர் சொல்லவில்லை. தெரிந்ததையே தம் வாயால் சொல்லும்படி செய்தார். பிறர் காட்டிய இடர்ப்பாட்டைவிடத் தாமே சொன்ன இடர்ப்பாட்டை மனிதர் எளிதில் நம்புகின்றனர்.

தெரியுமா?
தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசும் வழக்கம் உண்டு. கேட்பதும் மறுப்பதும் துண்டின் உள்ளேயே நடந்து முடியும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. விலையைத் தவிர வேறு எதையும் அங்கே கேட்க இயலாது என்பதால், பல்லைப் பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது ஆகியவற்றையெல்லாம் துண்டை விரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

விடையை உள்ளே வைத்த வினா

வினா செய்தியைக் கொண்டுவருவது மட்டுமன்றி, செய்தியை உருவாக்கியும் விடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைத் திரையிட்டுக் காட்டினர். பிறகு கார்களின் வேகத்தைக் கேட்டனர். வினாவில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினர். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றனர். ‘தொட்டபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றனர். பார்த்தவை ஒரே படங்கள். மற்றொரு சோதனையில், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வன்மையான சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். மென்மையான சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரே அவ்வாறு சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

தமிழில் இந்த வகை வினாவின் அடையாளம் ‘தானே’ என்ற இரண்டெழுத்துச் சொல். ‘இது நியாயமான விலைதானே?’ என்பது வினாவின் ஆடை அணிந்த தீர்ப்பு. நயத்துக்காக எதிராளி தலையசைத்துவிடலாம். அந்தத் தலையசைப்பு உடன்பாடு ஆகாது. ஊருக்குத் திரும்பியபின் அவர் மனம் மாறும்போது அது புலப்படும். தாம் கேட்க விரும்பிய விடையையே பெற்றவர், புதிதாக எதையும் அறிந்திருக்க மாட்டார்.

பொருளின் குறையைப் பற்றிக் கேட்கும்போது வினாவின் கட்டமைப்பு இன்னும் முக்கியமாகிறது. ‘சாயம் போகாதே?’ என்று கேட்பவர், போகாது என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார். விற்பவருக்கு ‘போகாது’ என்று சொல்வது மிக எளிது. ‘எத்தனை துவைப்புக்குப் பிறகு சாயம் மங்கத் தொடங்கும்?’ என்ற வினாவோ, மங்கும் என்பதை முன்னமே கொண்டு நிற்கிறது. இதற்குப் பொய் சொல்ல, விற்பவர் வினாவின் அடிப்படையையே மறுத்தாக வேண்டும். பழைய பொருள் ஒன்றை விற்கும் சூழலை அமைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. பொருளைப் பற்றிப் பொதுவாகக் கேட்டபோது மிகச் சிலரே பழுதைச் சொன்னார்கள். பழுது இல்லையே என்று கேட்டபோது அதைவிடக் கூடுதலானோர் சொன்னார்கள். என்ன பழுது இருக்கிறது என்று கேட்டபோதே மிகப் பெரும்பாலோர் உண்மையை வெளியிட்டார்கள். பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகும் எவரும் இன்று மாலையே இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

கொடுப்பதுபோல் கேட்டல்

நன்னூலின் ஆறு வகைகளுள் வணிகர்கள் குறைவாகக் கையாள்வது கொடை வினா. ஒன்றைத் தருவதாக நேரே சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். அதையே ‘என்றால்’ என்ற சொல்லோடு வினாவாக்கினால், எதிராளியின் எண்ணம் தெரியும். வாக்குறுதி ஒன்றும் கொடுத்ததாகாது. ‘துணியை 160 கிராமுக்கு மாற்றி, விலையை 135 ஆக்கினால், சரக்கை இரண்டு தவணையாக எடுத்துக்கொள்ள முடியுமா?’ இதில் கொடுப்பதும் கேட்பதும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. எதிராளி மறுத்தால் பழைய விலை பழைய இடத்திலேயே நிற்கும்.

இவ்வாறு கேட்டபின் செய்ய வேண்டியது, பேசாமல் இருப்பது. இது எளிதன்று. வினாவைத் தொடுத்தவரே பொறுமையிழந்து, ‘இல்லாவிட்டால் 134க்கே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தம் வினாவுக்குத் தாமே விடையளித்துவிடுவதைக் கடைத்தெருவில் நாள்தோறும் காணலாம். எதிராளி கணக்குப் போட எடுத்துக்கொண்ட நொடிகளை அவர் மறுப்பு என்று எண்ணிவிட்டார்.

முகவர் கணக்குப் போடுகிறார். பாதிச் சரக்கு 45 நாளில். மறுபாதி அதன்பின் 25 நாளில். கிடங்கு வேண்டியதில்லை. விலை அவர் கேட்டதைவிட ஒரு ரூபாய் மிகுதி. கிடங்கு வாடகை இல்லாததால் அது அவரை உறுத்தவில்லை. உரிமையாளருக்கோ ஆதாயம் ஒன்பது ரூபாய் அப்படியே இருக்கிறது. தையல்காரர்கள் இரவு ஷிஃப்ட் செய்ய வேண்டியதில்லை.

கேட்கப்படும்போது

வினா எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே வருவதில்லை. ‘உங்கள் கடைசி விலை என்ன?’ என்பது வாங்குவோர் கையில் உள்ள மிகப் பழைய வினா. இதற்கு உண்மையைச் சொன்னால் ஆதாயம் போகும்; பொய் சொன்னால் நம்பிக்கை போகும். மௌரிஸ் ஸ்வைட்சர், ரேச்சல் குரோசன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, நேரடி வினாவின் இரு முகத்தைக் காட்டியது. நேராகக் கேட்கும்போது, மறைத்துவைக்கும் பொய் குறைகிறது. வாய்திறந்து சொல்லும் பொய் கூடுகிறது. ஆகவே, எதையும் நேராகக் கேட்டுவிட்டால் உண்மை வந்துவிடும் என்று நம்பியிருக்க இயலாது. வந்த விடையை ஓர் அறிவினாவால் சோதிக்க வேண்டியிருக்கும்.

கேட்கப்படுபவருக்குத் தமிழ் இலக்கணம் எட்டு வழிகளைத் தந்திருக்கிறது. அவற்றுள் வினா எதிர் வினாதல் ஒன்று. ‘எவ்வளவு பீஸ் என்பதைப் பொறுத்து? இருபதாயிரமா, ஐம்பதாயிரமா?’ என்று திருப்பிக் கேட்கலாம். இனமொழி விடை இன்னொன்று. ‘கடைசி விலையைச் சொல்வதற்கில்லை, சார்; எந்தத் துணிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கைக் காட்டுகிறேன்’ என்பது, பயறு கேட்டவருக்கு உளுந்தைக் காட்டுவது போன்றது. இரண்டிலும் பொய் இல்லை. உறுவது கூறலும் பயன்படும்: ‘இதற்குக் கீழே போனால் தையல் தரம் குறையும்’ என்று வரப்போவதைச் சொல்லி, கேட்ட எண்ணைச் சொல்லாமல் விடலாம், அது உண்மையாக இருக்கும் வரை.

கடைசி வினா

விலை முடிந்தது, நாள் முடிந்தது, துணியின் எடை முடிந்தது. சிறு தொழில்முனைவோர் பலர் இந்த இடத்தில் எழுந்து கைகுலுக்கிவிடுகின்றனர். கேட்கப்படாமல் நிற்கும் வினா ஒன்று உண்டு. அதைக் கேட்டால் எதிராளியை நம்பாதது போலாகிவிடுமோ என்ற தயக்கமே அவர்களைத் தடுக்கிறது. பணம் எப்போது வரும் என்பதே அந்த வினா.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் எழுத்தில் உடன்பட்ட நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. எழுத்தில் உடன்பட்டாலும் அந்தக் காலம் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாமதித்தால், இந்திய ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். சட்டம் இப்படி இருந்தும், பணத்துக்காகத் தொலைபேசியில் காத்திருக்கும் பட்டறைகள் குறைவல்ல. எழுத்தில் ஒரு நாள் குறிக்கப்படாததும், கேட்கத் தயங்கியதும் அதற்கான காரணங்களுள் அடங்கும்.

உரிமையாளர் கேட்கிறார்: ‘முதல் தவணைச் சரக்குக்குப் பணம் எந்தத் தேதியில் வரும்?’

‘வந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்’ என்கிறார் முகவர்.

எகரத்தில் தொடங்கிய வினாவுக்கு ஆகார ஈற்று வினாவுக்குரிய விடை வந்திருக்கிறது. உரிமையாளர் புன்னகையோடு, ஆர்டர் தாளையும் பேனாவையும் மேசையின் நடுவே நகர்த்துகிறார். ‘கவலை இல்லை, சார். எந்தத் தேதி என்று இங்கே குறித்துவிடலாமே?’

முகவர் சற்றுநேரம் காலண்டரைப் பார்க்கிறார். பிறகு, சரக்கு வந்து சேர்ந்ததிலிருந்து முப்பதாம் நாள் என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்.